அது கானாடுகாத்தான் சுவர் ஓவியம் அல்ல

காரைக்குடிப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. நிலவொளியில் அடர்காடு, குழல் ஊதும் கரிய உருவம், சுற்றிலும் பாம்புகள். "கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் நம்மூர்க் கலைஞர் தீட்டிய கண்ணன்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். தவறு.

பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ரூசோ 1907இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ‘பாம்பாட்டிப் பெண்’ என்ற ஓவியம் அது. இருப்பது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில். உற்றுப் பாருங்கள்: நீண்ட கூந்தல், இருட்டில் மின்னும் கண்கள். மயிற்பீலியும் இல்லை, பசுவும் இல்லை. இடப்பக்கம் இளஞ்சிவப்பில் ஒரு கரண்டிவாயன் பறவை நிற்கிறது.

ரூசோ பாரிஸில் சுங்கம் வசூலித்த ஊழியர். ஓவியம் தானாகக் கற்றது. மெக்சிகோ காடுகளில் திரிந்தவர் என்று அவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. உண்மையில் அவர் பிரான்ஸை விட்டு வெளியே போனதே இல்லை. பாரிஸ் தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடிக் கூடங்களில் பார்த்த செடிகளைத்தான் இப்படி ஆள் உயரக் காடாக்கினார். எனக்கு அதுதான் பெரிய வியப்பு.

இலைக்கு இலை விளிம்பு கட்டிய தட்டையான பாணி நம் சுவர் ஓவியங்களை நினைவூட்டுவதால் பலர் நம்பியிருக்கலாம். நம் வீடுகளிலும் அசல் சுவர் ஓவியங்கள் உண்டு, சில உதிர்ந்துகொண்டும் இருக்கின்றன. அவற்றைப் படமெடுத்து, ஊர்ப்பெயரோடு பகிருங்கள்.