எண்ணெய்க் குதம் இருந்தும் வரிசையில் நின்றோம்

எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் குறைத்தால் போதும், "கொள்ளைக்காரர்கள்" என்று இங்கே பதிவுகள் கிளம்பிவிடுகின்றன. நான் அப்படித் திட்ட மாட்டேன். கரைவலைக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். எல்லா மீன்வாடிக்கும் ஒரே காலையில் நெத்தலி பட்டால், எட்டு மணிக்குச் சொன்ன விலையில் பாதியைத்தான் வியாபாரி பத்து மணிக்குச் சொல்வார். ஐஸ் இல்லாத சம்மாட்டி (வலை முதலாளி) வாய்பேசாமல் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கருவாட்டுக்கு மணலில் பரப்புவார்.

1930இல் கிழக்கு டெக்சாஸில் எண்ணெய் கண்டபோதும் இதே கதைதான். நிலத்தடி எண்ணெய்க்கு வேலி கிடையாது. நான் எடுக்காவிட்டால் பக்கத்துக் காணிக்காரன் உறிஞ்சிவிடுவான் என்று காணிக்குக் காணி கிணறு தோண்டினார்கள். ஒரு டொலர் அளவில் விற்ற பீப்பாய் 1931இல் பத்துச் சதம் வரை இறங்கியது. ஆளுநர் படையை அனுப்பிக் கிணறுகளை மூடவைத்தார். பிறகு கிணற்றுக்குக் கிணறு அளவு விதித்தது யார் தெரியுமா? அந்த மாநிலத்தின் ரயில்வே ஆணைக்குழு! 1982இல் பங்கீடு வைத்த, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கிடம் அப்படி ஒரு படை இல்லை. மற்ற உறுப்பு நாடுகள் களவாகக் கூடுதலாக எடுப்பதைப் பொறுத்துப் பார்த்த சவூதி அரேபியா, கடைசியில் தானும் குழாயைத் திறந்துவிட்டது. 1986இல் விலை பத்து டொலர் அளவுக்கு விழுந்தது.

ஆகவே குறைப்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. என் கோபம் திருகோணமலையின் சீனக்குடாவில் கிடக்கும் எண்ணெய்க் குதங்களைப் பற்றியது.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயை மே மாதத்தில் கையேற்கும் ஒப்பந்தத்தின் விலை பூச்சியத்துக்குக் கீழே 37 டொலருக்குப் போனது. அந்த எண்ணெயைக் கையேற்கும் இடமான குஷிங்கில் இறக்கிவைக்கத் தாங்கி கிடைக்காத பயம். ஒபெக்கும் ரஷ்யாவும் நாளொன்றுக்கு 97 இலட்சம் பீப்பாய் குறைக்க ஒப்புக்கொண்டும் சரிவு நிற்கவில்லை. அதே நாளில் இங்கே பிரித்தானியர் கட்டிய 99 குதங்களில் பெரும்பாலானவை காட்டுக்குள் துருவேறிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 தொன் கொள்ளக்கூடியது. அந்த அமெரிக்க எண்ணெயை இங்கே கொண்டுவந்து ஊற்றியிருக்கலாம் என்று பேதைத்தனமாகச் சொல்லவில்லை. ஆனால் உலகச் சந்தை விலைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெயும் இருபது டொலருக்குக் கீழே போன மாதம் அது. குதங்களை முன்பே திருத்தியிருந்தால், கொஞ்சமாவது வாங்கி வைத்திருக்கலாமே?

அவற்றில் 61 குதங்களைத் திருத்த ஒப்பந்தம் எழுதியது 2022 ஜனவரியில். அதற்குள் எண்ணெய் வாங்க நாட்டிடம் இருந்த டொலர் தீர்ந்துகொண்டிருந்தது. சில மாதங்களில் அம்மா மண்ணெண்ணெய்க் கானை வரிசையில் வைத்து, அது நகராமலிருக்க உள்ளே கல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மாமாவின் இயந்திரம் வாடிக்குள் சாக்குப் போர்த்திக் கிடந்தது.