ஓட்டை விழுந்த கொய்யா இலைகள்

பூச்சிகளையும் செடிகளையும் கவனித்து வரைந்த ஜெர்மன் ஓவியர் மரியா சிபில்லா மெரியனின் கொய்யாக் கிளைப் படத்தைப் பற்றி யார் பேசினாலும் நேரே சிலந்திக்குப் போய்விடுகிறார்கள். குறை சொல்ல முடியாது. மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி ஒன்று, ரீங்காரச் சிட்டை (ஹம்மிங்பேர்டை) மல்லாக்கப் போட்டு அதன் மேல் ஏறி நிற்கிறது. வேறெங்கே கண் போகும்?

எனக்கு என்னவோ அந்த இலைகள்தான். ஓரம் கடிபட்டு, நடுவில் ஓட்டை விழுந்து, முழுசாக விட்டுவைத்த இலையைத் தேட வேண்டியிருக்கிறது. செடிகொடி வரைகிறவர்கள் பொதுவாக மாசுமருவற்ற இலையாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். கல்யாண போட்டோ மாதிரி. மெரியன் எறும்பு வெட்டிப்போட்ட மிச்சத்தை வரைந்தார். ஒரே இரவில் மரத்தைத் துடைப்பம்போல மொட்டையாக்கிவிடும் என்று எறும்புகளைப் பற்றி எழுதியும் வைத்தார். அந்த எறும்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பாலம் கட்டுவதும் படத்தில் இருக்கிறது.

1699-ல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்ற காசில், இளைய மகளோடு ஆம்ஸ்டர்டாமிலிருந்து சூரினாமுக்குக் கப்பலேறியவர் அவர். தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் கரும்புக் காலனி அது. சர்க்கரையைத் தவிர வேறெதையோ தேடுகிறாளே என்று தோட்ட முதலாளிகள் சிரித்தார்களாம். 1701-ல் காய்ச்சலோடு திரும்பினார். இந்தக் கொய்யாக் கிளையும் சேர்த்து 60 படங்களோடு 1705-ல் அவர் நூல் வந்தது. காட்டுக்குள் கோடாலியோடு முன்னே போய் வழி வெட்டியவர்கள் அடிமைகள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நூலில் இல்லை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் அந்தச் சிலந்தி. அதற்கு, உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-ல் 'அவிகுலாரியா' என்று பெயர் வைத்ததே இந்தப் படத்தால்தான். சிறு பறவைக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டு இயற்கையாளர்கள் சிலர், சிலந்தியாவது பறவையைத் தின்பதாவது என்று கேலி செய்தார்கள். ஆங்கிலேய இயற்கையாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் அமேசானில் சிலந்தி வலையில் சிக்கிய இரண்டு சிறு குருவிகளைக் கண்ணால் பார்த்து, 1863-ல் நூலில் எழுதிய பிறகுதான் கேலி அடங்கியது.

தப்பே இல்லையா? இருக்கிறது. ரீங்காரச் சிட்டு சாதாரணமாக இரண்டு முட்டைதான் இடும். கூட்டில் நாலு வரைந்திருக்கிறார். இலை வெட்டும் எறும்பையும் படையெடுத்து வேட்டையாடும் எறும்பையும் ஒன்றாக்கிவிட்டார். சரி, இருக்கட்டும். செடி ஒரு தாளில், பூச்சி இன்னொரு தாளில் என்று பிரித்து வைத்தே பழகிய காலத்தில், தின்கிறதையும் தின்னப்படுகிறதையும் ஒரே கிளையில் ஏற்றியவர் அவர். முட்டைக் கணக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

படம் இணையத்தில் பெரிதாகவே கிடைக்கிறது. சிலந்தியைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு இலைகளை மட்டும் ஒருமுறை பாருங்கள்.