அசிட்டோனால் துடைக்க வேண்டாம்

நிறம் தேய்ந்த ஏர்சாஃப்ட் துப்பாக்கியை (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) அசிட்டோனால் துடைத்து, ஒரே தடிமனான பூச்சாக ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் போதும் என்று சிலர் சொல்வது தவறு. பல துப்பாக்கிகளின் உடல்பகுதி ஏபிஎஸ் எனும் பிளாஸ்டிக்; அசிட்டோன் அதையே கரைத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பாதுகாப்பானது.

உண்மையான எதிரி சிலிக்கோன் எண்ணெய். பராமரிப்புக்காக நாமே அடிப்பதுதான்! அது மிச்சமிருந்தால் பெயிண்ட் ஒட்டாமல் விலகி, சிறு வட்டக் குழிகள் விழும். ஆகவே முதலில் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, பிறகே 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். எண்ணெயோடு தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

தடிமனான பூச்சு வழியும், மெதுவாகவே காயும். மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். குழல்வாய், மேகசின் (குண்டுகளை அடைக்கும் பெட்டி) பொருந்தும் இடம், நகரும் பாகங்களை டேப்பால் மூடிவிடுங்கள். முனையில் ஆரஞ்சு நிறம் இருந்தால் அதை மட்டும் தொடாதீர்கள். பொம்மை என்று பிறருக்குச் சொல்வது அதுதான்.