நின்ற மாட்டை ஏன் விழுத்தவேணும்?

"டொக்டர், மயக்க ஊசியைப் போட்டு விழுத்திட்டுச் செய்யுங்களேன்." திருகோணமலைப் பக்கம் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் எந்தப் பட்டிக்குப் போனாலும் இந்தக் கதைதான். கொம்பு அறுக்கவும் குளம்பு சீவவும் மாடு விழத் தேவையே இல்லை. விழுந்த மாட்டில்தான் வில்லங்கம் தொடங்குகிறது.

அந்த மயக்க ஊசி மருந்தான சைலசினுக்கு மாடு பொல்லாத சென்சிட்டிவ். குதிரைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் இரத்த நாளத்தில் போடலாம்; மாட்டை நிற்கவைத்து வேலை செய்யத் தசையில் 0.05 மில்லிகிராம் போதும். நிறையைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள், டேப் பிடியுங்கள். நெஞ்சுச் சுற்றளவு 54 அங்குலம், தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை 46 அங்குலம். 54×54×46ஐ 660ஆல் பிரித்தால் ஏறக்குறைய 203 கிலோ. அதற்கு 10 மில்லிகிராம், 2% போத்தலில் அரை மில்லி. அதே அரை மில்லியை 10% போத்தலில் இழுத்தால் ஐந்து மடங்கு! லேபலை வாய்விட்டு வாசித்த பிறகே சிறிஞ்சைக் குத்துங்கள்.

அடுத்த பிழை அவசரம். துரத்தி, வால் முறுக்கிப் பிடித்த மாட்டில் மருந்து சரியாக வேலை செய்யாது. ஊசிக்குப் பிறகு 10–15 நிமிடம் ஒருவரும் சத்தம் போடாமல் நிழலில் விடவேணும். ஐந்தாம் நிமிடமே "பிடிக்கல்ல" என்று இன்னொன்று போடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து பிடிக்கும். தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி, எச்சில் நூலாக வடிந்தால் போதும்.

அது அசதிதான், வலி தெரியாத விறைப்பு அல்ல. கொம்புக்கு, அந்த இடத்தை விறைக்கவைக்கும் 2% லிக்னொகெயின் வேணும்: கண்ணின் வெளிமூலைக்கும் கொம்படிக்கும் நடுவே, எலும்பு விளிம்பை ஒட்டிக் கீழே, பக்கத்துக்கு 5–10 மில்லி. பத்து நிமிடம் கழித்து ஊசிமுனையால் குத்திப் பார்த்துவிட்டு வாளை எடுங்கள்.

தப்பித்தவறிப் படுத்துவிட்டால் பக்கவாட்டில் விடாதீர்கள், நெஞ்சில் இருத்துங்கள். பிடரிக்குக் கீழே சாக்கு, வாய் தாழ. எச்சிலும் இரைமீட்டதும் வெளியே வடியும், சுவாசப்பைக்குள் போகாது. இடது விலா ஊதுகிறதா என்று ஒரு கண் அங்கேயே இருக்கட்டும். முதல்நாள் பின்னேரத்தோடு தீனியை நிறுத்தச் சொல்வது இதற்குத்தான். (விடியவே வயிறு முட்டத் தவிடு வைத்துவிட்டு "ஒண்டும் குடுக்கல்ல" என்பவர்களுக்கு என்ன சொல்ல?)

கச்சான் காற்றடிக்கும் ஆடி, ஆவணியில் மத்தியானத்தில் தொடவே வேண்டாம்; சைலசின் உடற்சூட்டுக் கட்டுப்பாட்டைக் குழப்பும். காலை ஏழு மணிக்கே முடியுங்கள். கடைசி மூன்று மாதச் சினைக்கு வேண்டாம், கருப்பை இறுகும். மூத்திரம் அடைத்த நாம்பனுக்கும் வேண்டாம், மூத்திரம் கூடிப் பை வெடிக்கலாம்.

சைலசினை முறிக்கும் மருந்து, டொலசொலினோ அட்டிபமெசோலோ, பையில் இல்லையென்றால் அன்று கயிறும் மூக்குப்பிடியும் லிக்னொகெயினும் மட்டும்தான்.