கருவிலேயே சேரும் ரசாயனத்தையும் சொல்லியிருக்கலாம்

பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வர பிராய்லர் கோழியும் உடல் எடையும்தான் காரணம் என்று உங்கள் கட்டுரை முடித்துவிட்டது. அம்மாக்கள் தலையில் இன்னொரு பழி!

அமெரிக்காவின் மிச்சிகனில் 1973-ல் மாட்டுத் தீவனத்தில் சேர்க்க வேண்டிய நியூட்ரிமாஸ்டருக்குப் பதிலாக, ஃபயர்மாஸ்டர் என்ற தீத்தடுப்பு ரசாயன மூட்டைகள் போய்ச் சேர்ந்தன. அதிலிருந்த பிபிபி (பாலிபுரோமினேட்டட் பைஃபினைல்) என்ற ரசாயனம், அந்தத் தீவனத்தைத் தின்ற கால்நடைகளின் பால், இறைச்சி, முட்டை வழியாகக் கர்ப்பிணிகளின் உடல் கொழுப்பில் தங்கியது. கருவில் அது அதிகம் சேர்ந்து, தாய்ப்பாலும் குடித்து வளர்ந்த பெண்கள் சராசரியாக 11.6 வயதிலேயே பூப்பெய்தினார்கள். மற்றவர்கள் 12-ஐத் தாண்டித்தான். இதற்காகத் தாய்ப்பாலை யாரும் நிறுத்திவிடாதீர்கள், அதன் நன்மை பெரிது. மூட்டையை மாற்றி அனுப்பியது தொழிற்சாலை. அந்தத் தாய்மார்கள் குடித்தது வெறும் பால்தானே?