தெரிந்த சொல்தான் காலை வாரும்

பழைய ஆங்கிலம் படிக்கக் கஷ்டம் என்பவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டால், அர்த்தம் தெரியாத சொற்கள் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெரியாத சொல் வந்தால் ஆள் தானாகவே நின்றுவிடுவார், அடிக்குறிப்பைப் பார்ப்பார், இப்போதென்றால் போனில் தேடுவார், விஷயம் முடிந்தது. 'லெட்', 'வான்ட்', 'மீட்' என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்து முடித்த சொற்கள் இருக்கின்றனவே, அவைதான் கவிழ்த்துவிடும். தெரிந்த சொல்லுக்கு யார் அகராதியைத் திறக்கப் போகிறார்கள்? நம் ஊர் கைடுகளும் அப்படித்தான், பாடத்துக்குக் கீழே 'டிஃபிகல்ட் வேர்ட்ஸ்' என்று ஒரு பட்டியல் போட்டு, வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் தேவைப்படாத நாலு சொல்லுக்கு அர்த்தம் கொடுத்திருப்பார்கள். வரியின் பொருளையே புரட்டிப் போடுகிற சின்னச் சொல் அதில் இருக்காது.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன அப்பாவின் ஆவி வந்து கையசைத்துக் கூப்பிடுகிறது. போகாதே என்று நண்பர்கள் பிடித்து இழுக்கிறார்கள். அவன் திமிறிக்கொண்டு கத்துகிறான்: 'ஐ'ல் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ'. இன்றைய ஆங்கிலத்தில் படித்தால், என்னைப் போக விடுகிறவனைக் கொன்று ஆவியாக்கிவிடுவேன் என்று ஆகிறது. விட்டவனை எதற்கய்யா கொல்ல வேண்டும்? அங்கே 'லெட்' என்றால் தடுப்பது. ஷேக்ஸ்பியருக்கும் பல நூறு ஆண்டு முந்தைய ஆங்கிலத்தில் விடுவதற்கு ஒரு வினைச்சொல், தடுப்பதற்கு வேறொரு வினைச்சொல், இரண்டும் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தன. நேரெதிர் பொருள் கொண்ட இரண்டு சொல் ஒரே உருவத்தில் நடமாடினால் எத்தனை நாள் ஓட்ட முடியும், தடுக்கிற 'லெட்' மெல்ல வழக்கொழிந்துவிட்டது. முழுதாகப் போய்விட்டதா என்றால் இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும், அதில் இந்தக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போக விடுங்கள் என்று இருக்கும். அந்த 'லெட்' இந்தத் தடுக்கிற 'லெட்'தான். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசி விழுந்தால் சொல்கிறார்களே, அதுவும் இதே சொல்தான்.

ஜூலியட்டின் கதை இன்னும் மோசம். 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்பதைச் சொல்லும்போது கல்லூரி விழா மேடைகளில் அந்தப் பெண் நெற்றியில் கையை வைத்து இருட்டில் தேடுவாள், ரோமியோ எங்கே இருக்கிறாய் என்று. 'வேர்ஃபோர்' என்றால் 'ஏன்'. நீ ஏன் ரோமியோவாகப் பிறந்து தொலைத்தாய், எங்கள் குடும்பத்துக்கு ஆகாத குடும்பத்தில் வந்து பிறந்தாயே என்பதுதான் அவள் புலம்பல். உன் அப்பனை மறு, பெயரை விடு என்று அடுத்த வரியிலேயே சொல்கிறாள். எங்கே என்று தேடுகிறவள் எதற்காகப் பெயரை மாற்றச் சொல்கிறாள் என்று இயக்குநருக்குக்கூடத் தோன்றாதா?

1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இந்த மாதிரிக் கண்ணிகள் ஏராளம். இதில் நமக்கு ஒரு வசதி உண்டு, தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். 23ஆம் சங்கீதம் எல்லோருக்கும் தெரியும். கர்த்தர் என் மேய்ப்பர், 'ஐ ஷால் நாட் வான்ட்'. எனக்கு வேண்டாம் என்றா சொல்கிறார் தாவீது? மேய்ப்பரே வேண்டாமா? தமிழில் 'நான் தாழ்ச்சியடையேன்' என்று தெளிவாக இருக்கிறது. 'வான்ட்' என்பதற்குக் குறைவுபடுவது, இல்லாமல் போவது என்பதுதான் அன்றைய பொருள். இல்லாததால்தானே வேண்டும் என்கிறோம், அந்த வழியாகத்தான் இன்றைய பொருள் வந்தது. அதேபோல 'சஃபர் த லிட்டில் சில்ட்ரன்' என்று இயேசு சொல்வது பிள்ளைகள் துன்பப்படட்டும் என்று இல்லை, தமிழில் 'இடங்கொடுங்கள்' என்று இருக்கிறது. 119ஆம் சங்கீதத்தில் ஒருவர் 'ஐ பிரிவென்டட் த டானிங் ஆஃப் த மார்னிங்' என்கிறார், விடியலையே தடுத்து நிறுத்திவிட்டாராம்! 'பிரிவென்ட்' என்றால் லத்தீனில் முன்னால் வருவது, அவ்வளவுதான். மனிதர் விடிவதற்கு முன்னாலேயே எழுந்திருக்கிறார். ஆதியாகமத்தில் கடவுள் செடிகொடிகளையும் பழ மரங்களையும் மனிதனுக்கு 'மீட்' ஆகக் கொடுக்கிறார். பழம் எப்படி இறைச்சியாகும்? அன்றைக்கு எந்தச் சாப்பாடும் 'மீட்'தான், தமிழில் 'ஆகாரம்' என்று இருக்கிறது. பழைய கடைப் பலகைகளில் 'ஸ்வீட்மீட் ஸ்டால்' என்று பார்த்திருப்பீர்கள். சுத்த சைவக் கடையில் எங்கிருந்து 'மீட்' வந்தது என்று யோசித்தவர்களுக்கு இதுதான் பதில்.

பைபிள், நாடகமெல்லாம் சரி, எனக்கென்ன என்று கேட்கலாம். சட்டப் புத்தகத்துக்கு வருவோம். 'மிஸ்சீஃப்' என்றால் என்ன? குறும்பு, சேட்டை. 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தில் 425ஆம் பிரிவின் பெயராக இருந்தது அதுதான். அடுத்தவர் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பது என்று அங்கே பொருள். சட்டத்திலேயே உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள், அவற்றைப் படித்தால் நேரம் போவதே தெரியாது. ஒருவன் அடுத்தவனுடைய மோதிரத்தை ஆற்றில் வீசுகிறான். இன்னொருவன் அடுத்தவன் வயலில் மாட்டை ஓட்டிவிட்டு மேய விடுகிறான், இதற்கு நம் ஊரில் விளக்கமே வேண்டாம், வெட்டுக்குத்து வரை போயிருக்கிறது. இன்னொருவன் அடுத்தவனுடைய ஐஸ் ஹவுஸுக்குள் தண்ணீரை விட்டு ஐஸையெல்லாம் உருக வைக்கிறான். சென்னைக்காரர்களுக்கு ஐஸ் ஹவுஸ் என்றால் உடனே தெரியும், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேர்த்து வைக்க 1842இல் கட்டிய அதே கட்டடம், இன்றைய விவேகானந்தர் இல்லம். சட்டம் எழுதிய காலத்தில் ஐஸ் என்பது திருடவும் கெடுக்கவும் தகுந்த சொத்து.

இதே வரிசையில் 436ஆம் பிரிவு, தீவைத்து வீட்டை எரிப்பது. அதுவும் 'மிஸ்சீஃப்'தான், ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். குடிசைகளைக் கொளுத்தியவன் மேல் 'மிஸ்சீஃப்' வழக்கு என்று ஆங்கில நாளிதழில் படிக்கும்போது, சேட்டை செய்த பையனைக் கண்டித்து அனுப்புகிற மாதிரி ஒரு லேசான தொனி கேட்கிறது பாருங்கள், அந்தத் தொனி சட்டத்தில் இல்லை. அந்தச் சொல் நடுவழியில் எடை குறைந்துவிட்டது. பேரிடர், கேடு என்று கிளம்பிய சொல் குறும்பில் வந்து நிற்கிறது. 2024 ஜூலையில் இதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தபோது சட்டத்தின் பெயரை மாற்றினார்கள், பிரிவு எண்களை மாற்றினார்கள், ஆங்கில வடிவத்தில் இந்தச் சொல்லை அப்படியே விட்டுவைத்தார்கள். மாற்றியிருக்கலாம் என்பது என் கருத்து. ஒரு குற்றத்தின் பெயரைக் கேட்டால் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று சாதாரண ஆளுக்கும் தெரிய வேண்டாமா? அமெரிக்காக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 1787இல் எழுதிய அவர்களுடைய அரசியல் சட்டத்தில், 'டொமஸ்டிக் வயலன்ஸ்' வந்தால் மாநிலங்களை மத்திய அரசு காக்கும் என்று இருக்கிறது. அது குடும்ப வன்முறை இல்லை, உள்நாட்டுக் கலவரம்.

'கார்ன் லாஸ்' என்ற பழைய ஆங்கிலேயச் சட்டங்களைப் பற்றிப் படித்துவிட்டு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து முழுக்க மக்காச்சோளத்துக்காகச் சண்டை போட்டது என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள். 'கார்ன்' அங்கே தானியம், பெரும்பாலும் கோதுமை. தமிழ்ப் பாடநூலில் தானியச் சட்டங்கள் என்று சரியாகவே போட்டிருக்கிறார்கள், ஆங்கில வழியில் படித்தவர்கள்தான் பாவம்.

இப்படிச் சொன்னதும் ஒரு கூட்டம் கிளம்பிவிடும், பழைய பொருள்தான் உண்மையான பொருள், இன்று பேசுவதெல்லாம் தப்பு என்று. அதற்கும் நான் வரமாட்டேன். 'நைஸ்' என்பது லத்தீனில் ஒன்றும் அறியாதவன் என்ற சொல்லிலிருந்து வந்தது, ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் முட்டாள் என்றே பொருள். அப்புறம் நுணுக்கம் பார்க்கிறவன், நுட்பமானது என்றெல்லாம் போய், 18ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய 'நல்ல' ஆனது. நாம் மாவை நைஸாக அரைக்கிறோம், நைஸாகப் பேசிக் காரியம் சாதிக்கிறோம், நைஸாக நழுவுகிறோம், அதற்கும் இதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை, ஆனால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சரி, உங்களை 'நைஸ்' என்று ஒருவர் சொன்னால் முட்டாள் என்று திட்டியதாகக் கோபித்துக்கொள்வீர்களா? நாற்றம் என்றால் பழந்தமிழில் மணம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை நம்பி ஒருவர் வீட்டு விருந்தில் உங்கள் சமையல் நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு கூட்டம் இதைவிட மோசம், இல்லாத பழைய பொருளை உண்டாக்குகிறவர்கள். 'பிளட் இஸ் திக்கர் தன் வாட்டர்' என்றால் நம்முடைய 'தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்' மாதிரிதான். ஆனால் வாட்ஸப்பில் வருவது வேறு. உண்மையான முழுப் பழமொழி 'உடன்படிக்கையின் ரத்தம் கருப்பையின் நீரைவிட அடர்த்தியானது' என்பதாம், ஆகவே நட்புதான் உறவைவிடப் பெரிது என்பதுதான் முன்னோர் சொன்னதாம். பழைய நூல் எதிலும் அப்படி ஒரு வடிவம் கிடையாது. ஆர்வம் பூனையைக் கொன்றது என்ற ஆங்கிலப் பழமொழிக்கும் இதே கதி, 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பூனையைத் திருப்பி உயிரோடு கொண்டுவந்தது என்று ஒரு வாலை ஒட்டி அதுதான் மூலம் என்கிறார்கள். மூலத்தில் பூனையைக் கொன்றது ஆர்வமே இல்லை, 'கேர்'. 1598இல் மேடையேறிய பென் ஜான்சன் நாடகத்தில் இருக்கிறது. 'கேர்' என்றால் அன்றைக்குக் கவலை, துக்கம். கவலைப்பட்டுப் பட்டே பூனைகூடச் செத்துப்போகும் என்பதுதான் விஷயம், எனக்கு இது புதுசைவிட எவ்வளவோ பிடித்திருக்கிறது. இனி யாராவது 'முழுப் பழமொழி' அனுப்பினால் எந்தப் புத்தகம், எந்த வருஷம் என்று மட்டும் கேளுங்கள், அதற்குப் பிறகு பதில் வராது.

கடைசியாக ஒன்று. 'சார், ஐ ஹேவ் எ டவுட்' என்று நம் பிள்ளைகள் கேட்டால் சிரிக்கிற ஆங்கிலப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், 'டவுட்' என்றால் நம்பாமை, கேள்வி கேட்பதற்கு அது வராது என்று. ஹாம்லெட் 'ஐ டவுட் சம் ஃபௌல் ப்ளே' என்கிறான். இன்றைய கணக்கில் சதி எதுவும் இருக்காது என்று ஆகிவிடும், அவன் சொல்வது சதி நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது என்பதை. அதே நாடகத்தில் காதலி ஒஃபீலியாவுக்கு எழுதிய கடிதத்தில் அதே சொல்லை இரண்டு விதமாகவும் போட்டிருக்கிறான். நமக்கு இது புரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அவன் மேல் எனக்குச் சந்தேகம் என்றால் அவன்தான் செய்திருப்பான். அவன் வருவது சந்தேகம் என்றால் வரமாட்டான். சார், ஒரு சந்தேகம் என்றால் கேள்வி. மூன்றையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு தினமும் பேசுகிறோம், யாரும் குழம்பியதில்லை. அதற்காக நேர்காணலில் போய் 'டவுட்' என்று கேட்டுவிட்டு ஷேக்ஸ்பியரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், எதிரே இருப்பவர் ஹாம்லெட் படித்திருப்பது சந்தேகம்தான்.