ஹாலோவீன் குக்கீக்கு நிறம் மாவிலேயே சேரட்டும்

ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 நெருங்கும்போது கனடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் குக்கீ சுடும் பேச்சு தொடங்கிவிடும். பூசணிக்காய், வௌவால், பேய், சூனியக்காரியின் தொப்பி என்று அச்சுகள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். இணையத்தில் காட்டும் முறையும் பெரும்பாலும் ஒன்றுதான்: வெள்ளைக் குக்கீயைச் சுட்டு, ஆறவைத்து, அதன்மேல் ராயல் ஐசிங்கால் (வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் அடித்த, காய்ந்தால் இறுகும் கலவை) படம் வரைவது. பார்க்க அழகுதான். ஆனால் எட்டு, ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு செய்ய இது ஏற்ற முறையே அல்ல என்பது என் உறுதியான கருத்து. நிறத்தை மாவிலேயே பிசைந்துவிடுங்கள். அப்போதுதான் அந்தக் குக்கீ உண்மையில் பிள்ளை செய்ததாக இருக்கும்.

ஏன் சொல்கிறேன் என்றால், ராயல் ஐசிங் கைப்பழக்கம் கேட்கிற வேலை. ஓரக்கோடு போட ஒரு பதம், உள்ளே நிரப்ப இன்னொரு பதம். நிரப்பும் ஐசிங்கைக் கத்தியால் கீறினால் 10 முதல் 15 விநாடிக்குள் கோடு மறைய வேண்டும். அதைவிடத் தண்ணீராக இருந்தால் ஓரம் தாண்டி வழியும், கெட்டியாக இருந்தால் மேடுபள்ளமாக நிற்கும். மேல்தோல் காய அரை மணி நேரம், உள்ளே முழுக்கக் காய 8 முதல் 12 மணி நேரம். காயாத கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளையை விட்டால் கறுப்பு வெள்ளைக்குள் ஊறிவிடும். ஆறு வயதுப் பிள்ளையால் அத்தனை நேரம் பொறுக்க முடியாது, பொறுக்க வேண்டியதும் இல்லை. கடைசியில் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்க, அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து வரைவதுதான் நடக்கிறது. இன்னொன்று, ஐசிங்கை நல்ல கறுப்பாக்க அவ்வளவு ஜெல் கலர் (கெட்டியான உணவுச் சாயம்) கொட்ட வேண்டும். அதனால் கசப்பு ஏறும், சாப்பிட்டவர்களின் நாக்கும் பல்லும் கறுக்கும்.

மாவில் நிறம் சேர்த்தால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஓவனிலிருந்து எடுக்கும்போதே குக்கீ நிறத்தோடு வரும், ஆறியதும் சாப்பிடலாம். பிசைவது பிள்ளைகளுக்கு இயல்பாக வரும் வேலை. கோடு கோணினாலும் குறையாகத் தெரியாது.

அளவைச் சொல்கிறேன். உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், சன்னமான சர்க்கரை 180 கிராம், முட்டை ஒன்று (ஓடு நீக்கி சுமார் 50 கிராம்), மைதா 375 கிராம், உப்பு அரை டீஸ்பூன், வனிலா இரண்டு டீஸ்பூன். முட்டை சேர்க்காத வீடுகளில் அதற்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் பால் போதும்; குக்கீ கொஞ்சம் மொறுமொறுப்பாக வரும், உருவம் கெடாது. பேக்கிங் பவுடரும் சோடாவும் வேண்டவே வேண்டாம். அவை மாவை உப்ப வைத்து வௌவாலின் சிறகு நுனியை மழுங்கடித்துவிடும். கனடாவில் விற்கும் ஆல் பர்ப்பஸ் மாவில் புரதம் கூடுதல், அதனால் குக்கீ சற்று கடினமாகலாம். அங்கே 375-இல் 50 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் கார்ன் ஸ்டார்ச் (வெள்ளைச் சோள மாவு) போடுங்கள். கப் கணக்கில் அளக்காமல் தராசில் நிறுங்கள். மாவை அழுத்தி நிரப்பினால் ஒரு கப்பில் 30 கிராம் வரைகூட அதிகமாகிவிடும், மாவு உதிர்ந்துபோகும். தராசில் எண் ஏறுவதைப் பார்த்து "நிறுத்து" என்று சொல்லும் வேலையை நாலு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாம்.

வெண்ணெயை விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளவென்று எண்ணெய் தெரியக் கூடாது. சர்க்கரையோடு சேர்த்து ஒன்றரை நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம் அடித்தால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல் வெளுத்து நுரைக்கும் வரை அடித்தால் உள்ளே காற்று ஏறும். ஓவனில் குக்கீ உப்பி, பிறகு அமுங்கி, பரவிவிடும். முட்டையும் வனிலாவும் சேர்த்து, கடைசியாக மைதாவைப் போட்டு மாவு ஒன்றுசேர்ந்த உடனே நிறுத்துங்கள்.

மொத்தம் சுமார் 830 கிராம் மாவு வரும். ஆரஞ்சுக்கு 330, கறுப்புக்கு 200, ஊதாவுக்கும் பச்சைக்கும் 150 வீதம் பிரியுங்கள். ஆரஞ்சு எப்போதும் முதலில் தீர்ந்துபோகும், அதனால்தான் அதற்குப் பெரிய பங்கு.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம் உண்டு. வெண்ணெயும் மஞ்சள் கருவும் சேர்ந்த மாவு ஏற்கெனவே இளமஞ்சள்தான். அதனால் ஆரஞ்சு சுலபமாக வரும். ஜெல் கலர் தேவையே இல்லை. மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், காரமில்லாத பாப்ரிகா (ஒருவகை மிளகாய்த்தூள்) அரை டீஸ்பூன் போதும். வாசனை தெரியாமலிருக்க ஆரஞ்சுப் பழத்தின் தோலைத் துருவிச் சேருங்கள். சோடா வேண்டாம் என்று சொன்னதற்கு இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதுபோல, சோடாவின் காரத்தன்மை பட்டால் இந்த மாவும் செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.

கறுப்புக்குப் பிளாக் கோகோ 15 கிராமும் பால் இரண்டு டீஸ்பூனும். காரத்தன்மை (ஆல்கலி) ஏற்றி நன்றாகக் கறுக்க வைத்த கோகோ அது. ஒரு துளி சாயம்கூட வேண்டாம். சாதாரண கோகோ கரும்பழுப்புதான் தரும், அதை வைத்துக்கொண்டு சிறிது கறுப்பு ஜெல் சேர்த்தாலும் சரியாகிவிடும்.

ஊதாதான் படுத்தும். மாவின் மஞ்சளும் ஊதாவும் ஒன்றையொன்று மங்கடிப்பதால் சாம்பல் பூத்த நிறம் வரும். ஊதா ஜெல்லோடு ஒரு சொட்டு இளஞ்சிவப்பு சேர்த்தால் தெளியும். பிலிப்பினோ கடைகளில் கிடைக்கும் ஊபே (ஊதா வள்ளிக்கிழங்கு) எசன்ஸ் ஒரு டீஸ்பூன் விட்டால் நிறமும் மணமும் ஒன்றாக வரும். என் தேர்வு அதுதான். பீட்ரூட் பொடியை நம்பாதீர்கள். பிசையும்போது கண்ணைப் பறிக்கும், ஓவன் சூட்டில் பழுப்பாகிவிடும். பச்சைக்குக் கால் டீஸ்பூன் ஜெல். கீரைப்பொடியும் மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியும் சூட்டில் மங்கிப் பாசி நிறத்துக்குப் போகும். சூனியக்காரி முகத்துக்கு அந்தப் பாசி நிறமே பொருத்தம் என்று நினைத்தால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் மாட்சாவில் காஃபீன் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். எந்த நிறத்துக்கும் தண்ணீராக இருக்கும் உணவுக் கலரை எடுக்காதீர்கள்; நிறம் ஏறுமுன் மாவு பிசுபிசுத்துவிடும்.

சாயத்தைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கும் இந்த முறைதான் நல்லது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சவுத்தாம்ப்டன் ஆய்வு, சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோவேட்டும் சேர்ந்த கலவை சில பிள்ளைகளிடம் துறுதுறுப்பைக் கூட்டியதைக் காட்டியது. அதில் பேசப்பட்ட ஆறு நிறங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அமெரிக்காவில் ரெட் 3 என்ற செயற்கைச் சிவப்பு நிறத்துக்கான அனுமதியை உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. ஒரு நாள் தின்னும் குக்கீக்காகப் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு நிறத்தில் இரண்டைச் சாயமே இல்லாமல் கொண்டுவர முடியும்போது ஏன் கூட்ட வேண்டும்? சைவ வீடுகளுக்கு ஒரு குறிப்பு: சிவப்பு, இளஞ்சிவப்பு கலர்களில் கார்மைன் என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்தது. அலங்காரத்துக்கு வைக்கும் கம்மி மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு நிற உருண்டையைக் கொடுங்கள். ஜெல்லைப் பல்குச்சி நுனியால் தொட்டு வையுங்கள். இரண்டு நிமிடத்தில் நிறம் சீராகிவிடும், அதற்கு மேல் பிசைய விடாதீர்கள். கைச்சூட்டில் வெண்ணெய் இளகும், மைதா இழுவை பிடித்துச் சுட்டபின் ரப்பர்போல் ஆகும். உடனே இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து 6 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துவிடுங்கள். பூரிக்கட்டையின் இரு பக்கமும் அதே தடிமனில் மரச்சட்டம் ஒன்றொன்று வைத்தால் ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சமமாகத் தேய்க்கும். பலரும் உருண்டையாகவே ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு கல்லாகிப்போன மாவோடு மல்லுக்கு நிற்கிறார்கள். தேய்த்த தகடாகக் குளிரவைத்தால் அரை மணி நேரம் போதும்.

இனி வருவதுதான் இந்த வேலையிலேயே பிள்ளைகள் மிகவும் ரசிக்கும் பகுதி. ஆரஞ்சுத் தகட்டில் பூசணிக்காய் வெட்டுங்கள். கண்ணுக்கு, பபிள் டீ குடிக்கும் தடித்த ஸ்ட்ராவால் இரண்டு ஓட்டை. வாய்க்குச் சின்னப் பிறை அச்சு அல்லது வெண்ணெய்க் கத்தி. அதே ஸ்ட்ராவால் கறுப்புத் தகட்டில் வெட்டிய வட்டங்களை அந்த ஓட்டைகளில் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். எடுத்த ஆரஞ்சு வட்டங்கள் கறுப்பு வௌவாலுக்கும் பூனைக்கும் கண்ணாகும். இரண்டு தகடும் ஒரே தடிமனில் இருப்பது மிக முக்கியம். கறுப்பு மெலிந்திருந்தால் கண் குழியாகும், தடித்திருந்தால் துருத்தி நிற்கும். பொருத்தியபின் இடைவெளியை விரல் நுனியால் லேசாகத் தடவிவிட்டால் சுடும்போது ஒட்டிக்கொள்ளும். மாவு இளகியிருந்தால் ஓட்டை நசுங்கும். அப்போது பிடிவாதம் பிடிக்காமல் தகட்டை ஐந்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள்.

மூன்று, நாலு வயதுக் குழந்தைக்கு இது கடினம். அவர்களுக்குச் சுருள் குக்கீ. கறுப்பையும் ஆரஞ்சையும் 3 மில்லிமீட்டருக்குத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பாய் சுருட்டும் விதமாக இறுக்கிச் சுருட்டி, இரண்டு மணி நேரம் குளிரவைத்து, 6 மில்லிமீட்டர் வில்லைகளாக நீங்கள் வெட்டிக் கொடுங்கள். தட்டில் அடுக்குவது அவர்கள் வேலை.

மிச்ச மாவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லா நிறத் துண்டுகளையும் சேர்த்துப் பிசைந்தால் சேற்று நிறம்தான் கிடைக்கும், ஏனென்றால் ஆரஞ்சும் பச்சையும் ஊதாவும் கலந்தால் பழுப்பு. துண்டுகளைப் பிசையாமல் பக்கம் பக்கமாகப் பரப்பி, ஒரே முறை தேய்த்து வெட்டினால் பளிங்குக்கல் மாதிரி வரிவரியாக வரும். இரண்டாம் முறை தேய்த்தால் அந்த அழகு போய்விடும்.

வெட்டிய குக்கீகளைத் தட்டோடு 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, 165 டிகிரி செல்சியஸில், ஃபாரன்ஹீட் கணக்கில் 325-இல், நடுத்தட்டில் 11 முதல் 13 நிமிடம் சுடுங்கள். விசிறி ஓவன் என்றால் 150 டிகிரி. வழக்கமான 175 இதற்குச் சூடு அதிகம்; ஓரம் சிவந்தால் நிறம் அழுக்காகத் தெரியும். கறுப்புத் தட்டு அடியைச் சீக்கிரம் சிவக்க வைக்கும், வெளிர் நிற அலுமினியத் தட்டு நல்லது. கறுப்புக் குக்கீ வெந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மேலே ஈரப் பளபளப்பு போய், ஓரத்தைத் தொட்டால் உறுதியாக இருந்தால் எடுத்துவிடலாம். ஓவன் கதவும் தட்டும் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். 7 சென்டிமீட்டர் அச்சில் 28 குக்கீக்குக் குறையாது.

அலங்காரம் கட்டாயம் வேண்டும் என்று பிள்ளை கேட்டால், ஐசிங் சுகர் 100 கிராமில் பால் மூன்று டீஸ்பூன் குழைத்து, சிறிய ஜிப் பையில் போட்டு, மூலையை மயிரிழை அளவுக்கு வெட்டிக் கொடுங்கள். சிலந்தி வலை, பேயின் கண், எலும்புக்கூட்டின் பல் எல்லாம் புள்ளியும் கோடும்தானே. ராயல் ஐசிங்தான் செய்வேன் என்பவர்கள் பச்சை வெள்ளைக்கருவைத் தவிர்த்து மெராங்கு பவுடர் (பதப்படுத்திக் காயவைத்த வெள்ளைக்கருப் பொடி) வாங்குங்கள்.

மூன்று விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முதலாவது வேகாத மாவு. முட்டை இல்லாவிட்டால் மாவை நக்கலாம் என்று நினைக்கிறார்கள். மைதாவும் வேகாத பொருள்தான்; 2016-இல் அமெரிக்காவில் ஈ.கோலை பாக்டீரியா பரவியதற்கு மைதாவே காரணமாகி, பெருமளவில் திரும்பப் பெறப்பட்டது. வீட்டில் மாவைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முயற்சியையும் எஃப்.டி.ஏ. வேண்டாம் என்கிறது. இரண்டாவது மினுமினுப்புப் பொடி. லேபிளில் "நச்சற்றது" என்று இருந்தால் சாப்பிடலாம் என்று பொருளல்ல, "உண்ணத்தக்கது" என்றும் சேர்மானப் பட்டியலும் இருக்க வேண்டும். 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக்கைத் தின்ற பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். அதில் பூசிய ரோஸ் கோல்டு பொடி தாமிரத்தூள். மூன்றாவது, உருண்டையான கடின மிட்டாய்களும் மிட்டாய்க் கண்களும் நாலு வயதுக்குக் கீழ் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

இந்தக் குக்கீ வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும்தான். ஹாலோவீன் மாலையில் மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டும் பிள்ளைகளுக்கு உறையிட்ட கடை மிட்டாயே வழக்கம், முன்பின் தெரியாத வீட்டுப் பலகாரத்தைப் பெற்றோர் ஏற்கமாட்டார்கள், அது நியாயமும்கூட. பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே ஆசிரியரிடம் கேளுங்கள். பல பள்ளிகள் வீட்டில் செய்ததை அனுமதிப்பதில்லை, ஒவ்வாமை பயத்தால் நிலக்கடலை பல இடங்களில் அறவே கூடாது. நண்பர் வீட்டுக்குக் கொடுக்கும் டப்பாவில் மைதா, பால், முட்டை என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரம் கெடாமல் இருக்கும். கறுப்புக் குக்கீயின் தூள் மற்றவற்றில் ஒட்டும், நடுவே பட்டர் பேப்பர் போடுங்கள். ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் மஞ்சளும் ஊதாவும் வெளுக்கும். தேய்த்த மாவுத் தகடுகளை நன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். எனவே அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை நிறம் பிசைந்து வைத்துவிட்டு, கடைசி வாரத்தில் வெட்டிச் சுடுங்கள்.